வார்ப்பும் தூரிகையும்: பிளாஸ்டிக் மாதிரி விமானங்களின் வரலாறு

தொழிற்சாலை உற்பத்தி வீட்டுப் பொருள்கள் பலவற்றையும் முழுமையாக முடித்த நிலையில் வாங்குபவரிடம் சேர்க்கத் தொடங்கிய இருபதாம் நூற்றாண்டில், வேண்டுமென்றே பாதியில் நிறுத்தப்பட்ட ஒரு பொருளும் கடைகளுக்கு வந்தது. ஒரு விமானத்தின் உடற்பகுதி, இறக்கைகள், வால், சக்கரங்கள், விமானியின் இருக்கை, கண்ணாடி மூடி ஆகியவற்றைச் சிறிய அளவில் பிளாஸ்டிக்கில் வார்த்து, கட்டும் முறையைப் படங்களால் விளக்கும் தாளோடு பையிலோ அட்டைப்பெட்டியிலோ இட்டு விற்கப்பட்ட அந்தத் தொகுப்பு ‘கிட்’ எனப்பட்டது. பாகங்களைப் பிரித்தெடுத்து, பிசிறு நீக்கி, ஒட்டி, வண்ணம் தீட்டி, சின்னங்களைப் பதித்து முடிக்கும் வேலை முழுவதும் வாங்கியவரைச் சேர்ந்ததாக இருந்தது. இந்த வேலைப் பங்கீடு எவ்வாறு உருவாயிற்று, அதன் பொருளாதாரம் எதன்மேல் நின்றது, கைத்தூரிகையால் வண்ணம் தீட்டுவது அதில் எத்தகைய இடம் பெற்றது, அரை நூற்றாண்டைக் கடந்த பழைய கிட் ஒன்று இன்று எவ்வகையில் வரலாற்றுச் சான்றாகிறது என்பவற்றை, இத்தொழில் ஆழமாக வேரூன்றிய பிரிட்டனை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

மரத்திலிருந்து பிளாஸ்டிக்குக்கு

1930களின் தொடக்கம் வரை மாதிரி விமானங்கள் பெரும்பாலும் பறக்கவிடுவதற்காகவே செய்யப்பட்டன. மெல்லிய மரச் சட்டகத்தின்மேல் தாளைப் போர்த்தி, முறுக்கிய ரப்பர் பட்டையின் விசையால் மேலெழும்பிய அவற்றில் பறத்தலே முதன்மையானது. உண்மை விமானத்தின் தோற்றத்தோடு ஒத்திருப்பது அதற்கு அடுத்த நிலையிலேயே கருதப்பட்டது. தோற்றத்தையே நோக்கமாகக் கொண்டு, மேசைமேல் வைத்துப் பார்ப்பதற்காக ஒரே அளவுவிகிதத்தில் பல விமானங்களைத் தொடராக வெளியிடும் முயற்சி, 1932 வாக்கில் ஜேம்ஸ் ஹே ஸ்டீவன்ஸ் வடிவமைத்த ‘ஸ்கைபேர்ட்ஸ்’ என்னும் மரத் தொகுப்புகளோடு தொடங்கிற்று. அளவுவிகிதம் என்பது உண்மைப் பொருளை எத்தனை மடங்கு சுருக்கி மாதிரி செய்யப்படுகிறது என்பதைக் குறிக்கும் எண். ஸ்கைபேர்ட்ஸ் கைக்கொண்ட விகிதம் 1:72. பிரிட்டிஷ் அளவை முறையில் 6 அடி என்பது 72 அங்குலம் ஆகையால், இவ்விகிதத்தில் ஆறடி உயர மனிதன் சரியாக ஓர் அங்குலமாகச் சுருங்குகிறான். கணக்கிட எளிதாகவும் கைக்கு அடக்கமாகவும் இருந்த இவ்விகிதமே பின்னர் மாதிரி விமானங்களில் மிகப் பரவலான அளவாக நிலைத்தது.

மரத்தை விட்டுப் பிளாஸ்டிக்கிற்கு மாறிய முதல் முயற்சியும் பிரிட்டனிலேயே நிகழ்ந்தது. சார்லஸ் வில்மாட், ஜோ மான்சூர் ஆகியோரின் இன்டர்நேஷனல் மாடல் ஏர்கிராஃப்ட் நிறுவனம், ‘ஃபிராக்’ என்னும் வணிகப் பெயரில் பறக்கும் மாதிரிகளை விற்றுப் புகழடைந்திருந்தது. அந்நிறுவனம் 1936இன் இறுதியில், பறக்காத மாதிரிகளுக்குப் பொருத்தமாகப் பறக்காத பறவையின் பெயரைச் சூட்டி, ‘பென்குவின்’ என்ற வரிசையை வெளியிட்டது. பிளாக்பர்ன் ஷார்க், கிளாஸ்டர் கிளாடியேட்டர், ஹாக்கர் ஃபியூரி ஆகிய அக்காலப் போர்விமானங்கள் 1:72 விகிதத்தில் இவ்வரிசையின் முதல் கிட்களாக வந்தன. செல்லுலோஸ் அசிடேட் என்னும் பொருளால் இப்பாகங்கள் வார்க்கப்பட்டன. தாவர நாரிலுள்ள செல்லுலோஸை அசிட்டிக் அமிலச் சேர்மங்களோடு வினைபுரியச் செய்து பெறப்படும் இந்தப் பிளாஸ்டிக், நெகிழ்வுக்காகச் சேர்க்கப்படும் வேதிப்பொருள்கள் காலப்போக்கில் வெளியேறும்போது சுருங்கி வளையும் இயல்புடையது. இன்று எஞ்சியிருக்கும் பென்குவின் மாதிரிகள் பலவற்றில் இறக்கை முறுகி, உடற்பகுதி கோணியிருப்பதற்கு இதுவே காரணம். புதிய தொழிலின் முதல் தலைமுறை தன் மூலப்பொருளின் குறையால் மெல்ல மெல்லத் தன்னைத்தானே இழந்துகொண்டிருக்கிறது.

போர்க்காலப் பயிற்சியும் புதிய மூலப்பொருளும்

இரண்டாம் உலகப் போர் மாதிரி விமானத்திற்கு எதிர்பாராத ஒரு பொதுப்பயனை அளித்தது. வானில் தோன்றும் விமானம் நண்பனுடையதா பகைவனுடையதா என்பதைச் சில நொடிகளில் நிழலுருவை வைத்தே இனங்காண, விமான எதிர்ப்புப் பீரங்கிப் படையினருக்கும் விமானிகளுக்கும் பயிற்சி தேவைப்பட்டது. 1942இல் அமெரிக்கக் கடற்படை, கல்வித்துறையின் துணையோடு, பள்ளி மாணவர்கள் மரத்தில் செதுக்கித் தருமாறு 50 வகை விமானங்களில் வகைக்குப் 10,000 வீதம் மொத்தம் 5,00,000 மாதிரிகளைக் கோரியது. இவையும் 1:72 விகிதத்திலேயே அமைந்தன. அவ்விகிதத்தில் செய்த மாதிரியை 35 அடி தொலைவில் நிறுத்திப் பார்த்தால், அது 2,520 அடி, அதாவது ஏறத்தாழ அரை மைல் தொலைவில் பறக்கும் விமானத்தைப் போலத் தோன்றும். நிழலுருவை மட்டுமே மனத்தில் பதிக்கும் நோக்கத்தால் இம்மாதிரிகளுக்குக் கறுப்பு வண்ணம் மட்டுமே பூசப்பட்டது. வடிவத்தைத் துல்லியமாகக் காணும் பழக்கம் இவ்வாறு ஒரு தலைமுறைச் சிறுவரிடம் ஊன்றப்பட்டிருந்ததால், போர் முடிந்தபின் விமான கிட்களை விரும்பி வாங்கும் கூட்டம் ஏற்கெனவே உருவாகியிருந்தது.

போருக்குப் பின் இத்தொழிலை மாற்றியமைத்தவை பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கும் உட்செலுத்து வார்ப்பு என்னும் முறையுமாகும். 1930களில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் வணிக அளவில் தயாரிக்கப்படத் தொடங்கிய பாலிஸ்டைரீன், அசிடேட்டைப் போல எளிதில் வளைவதில்லை. சூட்டில் நன்றாக இளகி, அச்சின் மிக நுண்ணிய கோட்டையும் பதித்துக்கொள்ளும். உட்செலுத்து வார்ப்பில், குருணையாக உள்ள பிளாஸ்டிக்கைச் சூடேற்றி இளக்கி, குளிர்ந்த எஃகு அச்சுக்குள் பெரும் அழுத்தத்தில் செலுத்தி, இறுகியவுடன் அச்சைத் திறந்து வெளியே எடுப்பார்கள். இளகிய பிளாஸ்டிக் ஓடிவந்த வாய்க்கால்களும் பாகங்களோடு சேர்ந்தே இறுகிவிடுவதால், பாகங்கள் அனைத்தும் கிளையில் தொங்கும் காய்களைப் போல ஒரு சட்டகத்தில் இணைந்திருக்கும். ‘ஸ்ப்ரூ’ எனப்படும் இச்சட்டகத்திலிருந்து பாகத்தை முறித்துப் பிடுங்காமல் கத்தியால் வெட்டி எடுப்பது, கட்டுபவர் கற்கும் முதல் பாடம்.

சீப்பு வார்த்த நிறுவனமும் இரண்டு ஷில்லிங் பையும்

இத்தொழிலின் பெயராகவே பிரிட்டனில் வழங்கிவந்த ஏர்ஃபிக்ஸ், மாதிரிகளுக்காகத் தொடங்கப்பட்ட நிறுவனமன்று. ஹங்கேரியில் பிறந்து பிரிட்டனில் குடியேறிய நிக்கலஸ் கோவ் 1939இல் நிறுவிய அது, முதலில் காற்றடைத்த ரப்பர் பொம்மைகளைச் செய்தது. 1947இல் உட்செலுத்து வார்ப்பு இயந்திரத்தை வாங்கிச் சட்டைப்பைச் சீப்புகளை வார்த்து விற்றது. 1940களின் இறுதியில், ஃபெர்கூசன் நிறுவனத்தின் விற்பனையாளர்கள் வாடிக்கையாளரிடம் காட்டுவதற்காக அதன் டிராக்டரின் சிறிய மாதிரியைச் செய்து தரும் வாய்ப்பு கோவுக்குக் கிடைத்தது. அம்மாதிரியின் பல பாகங்களைத் தொழிற்சாலையிலேயே பொருத்துவது செலவு மிக்கதாக இருந்ததால், பின்னர் அது பொருத்தப்படாத நிலையில் கிட்டாகவே விற்கப்பட்டது. பொருத்தும் கூலியை விலையிலிருந்து நீக்கி, அவ்வேலையையே வாங்குபவரின் இன்பமாக மாற்றலாம் என்ற உண்மை இதிலிருந்து புலப்பட்டது.

அதைப் பெருவணிகமாக்கியது வூல்வொர்த்ஸ் கடைத்தொடர். 1952இல் ஏர்ஃபிக்ஸ், பதினாறாம் நூற்றாண்டுக் கடலோடி டிரேக்கின் ‘கோல்டன் ஹைண்ட்’ கப்பலைச் சிறிய பிளாஸ்டிக் கிட்டாக வெளியிட்டது. வூல்வொர்த்ஸ் விரும்பிய குறைந்த விலைக்கு விற்க அட்டைப்பெட்டியே தடையாக இருந்ததால், பாகங்களை ஒரு பிளாஸ்டிக் பையில் இட்டு, மேலே மடித்துப் பொருத்திய தாளின் வெளிப்புறத்தில் படத்தையும் உட்புறத்தில் கட்டும் முறையையும் அச்சிட்டு, இரண்டு ஷில்லிங்குக்கு விற்றனர். ஒரு சிறுவன் தன் கைச்செலவுப் பணத்தைச் சேர்த்து வாங்கக்கூடிய விலை அது. 1950களின் நடுப்பகுதிக்குள் அதே பையில் ஸ்பிட்ஃபயர் போர்விமானமும் வந்தது. ‘பிடி-கே’ என்ற எழுத்துக்களைத் தாங்கிய அந்த முதல் ஸ்பிட்ஃபயர், அமெரிக்காவின் அரோரா நிறுவனத்தின் பெரிய கிட்டைப் பின்பற்றிச் சுருக்கப்பட்டதாகையால் வடிவத்தில் பிழை மலிந்திருந்தது. ஆயினும் பிரிட்டனைக் காத்த விமானம் என்று மக்கள் போற்றிய ஒன்றை, ஆறு அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான இறக்கை அகலத்தில், எளிய குடும்பத்துச் சிறுவனின் மேசைக்கும் அது கொண்டுவந்து சேர்த்தது.

இதே காலத்தில் அமெரிக்காவில் ரெவல், மோனோகிராம், அரோரா, ஹாக் ஆகிய நிறுவனங்கள் வளர்ந்தன. 1957இல் பிரான்சில் ஹெல்லர் தோன்றியது. மரமாதிரித் தொழிலில் பெயர்பெற்ற ஜப்பானின் ஷிசுவோகா நகரில், மர அறுவைத் தொழிலிலிருந்து மாதிரித் தொழிலுக்கு வந்த டாமியா 1960இல் தன் முதல் பிளாஸ்டிக் கிட்டான ‘யமாட்டோ’ போர்க்கப்பலை வெளியிட்டது. அதே வட்டாரத்தின் ஹசேகாவாவும் பிளாஸ்டிக்கிற்கு மாறியது. ஒரே பத்தாண்டுக்குள் உலகின் மூன்று மூலைகளில் ஒரே தொழில் ஏறத்தாழ ஒரே வடிவில் நிலைபெற்றது.

அச்சின் நீண்ட ஆயுள்

கிட் தொழிலின் பொருளாதாரம் முழுவதும் எஃகு அச்சைச் சுற்றியே அமைந்தது. விமானத்தின் வரைபடங்களையும் ஒளிப்படங்களையும் கொண்டு வரைவாளர் பாகங்களைப் பிரித்து வரைவார். அவ்வரைபடத்தின்படி விற்பனை அளவைவிடப் பெரிதாக மரத்தில் மூல உரு செதுக்கப்படும். அவ்வுருவின் மேற்பரப்பை ஒரு முனை வருடிச் செல்லும்போது, அதன் அசைவைச் சுருக்கி மறுமுனையில் எஃகைக் குடையும் பேன்டோகிராஃப் என்னும் பொறியால் அச்சு வெட்டப்படும். தேர்ந்த கைவினைஞர்கள் பல மாதங்கள் உழைத்துச் செய்யும் இவ்வச்சுக்குப் பெருஞ்செலவாகும். ஆனால் அது ஒருமுறை தயாராகிவிட்டால், அதிலிருந்து வார்க்கும் ஒவ்வொரு கிட்டின் பிளாஸ்டிக் செலவும் மிகச் சிறிது. ஆகவே ஓர் அச்சை இயன்ற அளவு நீண்ட காலம் பயன்படுத்துவதும், நிறுவனம் நலிந்தால் அதை இன்னொருவருக்கு விற்றுவிடுவதும் இத்தொழிலின் இயல்பாயின.

ஃபிராக் நிறுவனத்தின் வரலாறு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1950களின் நடுவில் பாலிஸ்டைரீனுக்கு மாறி, வேறெவரும் தொடாத அரிய விமானங்களை வெளியிட்ட அந்நிறுவனம், அதன் தாய்க் குழுமமான லைன்ஸ் பிரதர்ஸ் 1971இல் வீழ்ந்தபின் கைமாறி, 1970களின் நடுவில் உற்பத்தியை நிறுத்தியது. அதன் அச்சுகளில் பெரும்பகுதி சோவியத் ஒன்றியத்துக்குச் சென்று, ‘நோவோ’ என்ற பெயரிலும் பின்னர் பெயரற்ற எளிய பெட்டிகளிலும் அங்குள்ள தொழிற்சாலைகளில் மீண்டும் மீண்டும் வார்ப்புக்குப் பயன்பட்டது. ஜெர்மனி, ஜப்பான் ஆகிய அச்சு நாடுகளின் போர்விமானங்களுக்கான அச்சுகள் மட்டும் சோவியத்துக்குச் செல்லாமல் ரெவலிடம் சேர்ந்தன. போரின் நினைவு ஒரு பொம்மைத் தொழிலின் சொத்துப் பங்கீட்டைக்கூடத் தீர்மானித்தது என்பது இதனால் விளங்கும். ஏர்ஃபிக்ஸும் 1981இல் நிதி நெருக்கடியில் விழுந்து, அடுத்தடுத்துக் கைமாறி, 2006இல் ஹார்ன்பி நிறுவனத்தைச் சேர்ந்தது.

தேய்ந்த அச்சில் இரு பாதிகளும் இறுகப் பொருந்தாமல் போகும்போது, அவ்விடைவெளியில் பிளாஸ்டிக் கசிந்து மெல்லிய தகடாகப் பாகத்தின் ஓரத்தில் நிற்கும். ‘பிசிறு’ எனப்படும் இது, பழைய கிட்டின் வயதைக் காட்டும் நம்பகமான அடையாளம். தடித்த பகுதிகள் குளிரும்போது உள்வாங்கியதால் ஏற்பட்ட குழிகள், மேற்பரப்பில் புடைத்து நிற்கும் ரிவெட் வரிசைகள் ஆகியனவும் அத்தகையவையே. 1:72 விகிதத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது உண்மை விமானத்தின் 7.2 சென்டிமீட்டர், ஆகவே கால் மில்லிமீட்டர் அகலத்தில் புடைத்த ரிவெட், உண்மையில் 18 மில்லிமீட்டர் அகலமுள்ள குமிழாகிவிடுகிறது. அளவின்படி இது மிகையெனினும், உலோகத் தகடுகளை ஆயிரக்கணக்கான ரிவெட்களால் தைத்துக் கட்டப்பட்ட பொறி விமானம் என்ற உணர்வைச் சிறுவரின் விரல் நுனிக்கு உணர்த்த விரும்பிய வடிவமைப்பாளரின் மனப்போக்கை அது பதிவு செய்திருக்கிறது.

தூரிகையின் வேலை

ஏர்ஃபிக்ஸும் ஃபிராக்கும் வார்த்த கிட் ஒவ்வொன்றும் பெரும்பாலும் சாம்பல், வெளிர்நீலம், வெள்ளி அல்லது பச்சை போன்ற ஒற்றை நிறத்திலேயே வந்தது. பெட்டியின்மேல் இருந்த ஓவியமோ வேறோர் உலகத்தைக் காட்டியது. குறிப்பாக 1964 முதல் 1974 வரை ஏர்ஃபிக்ஸுக்காக ஓவியம் தீட்டிய ராய் கிராஸ், போர்க்காலத்தில் ஃபேரி விமான நிறுவனத்தில் தொழில்நுட்ப ஓவியராகப் பணியாற்றியவர். விமானத்தின் கட்டமைப்பை உள்ளும் புறமும் அறிந்திருந்த அவர், ஒளிபுகாத நீர்வண்ணமான குவாஷில், மேகத்தைக் கிழித்துக்கொண்டு பார்ப்பவரை நோக்கி வரும் விமானங்களை வரைந்தார். ஓவியத்துக்கும் ஒற்றை நிறப் பிளாஸ்டிக்கிற்கும் இடையிலிருந்த தொலைவைக் கடக்கும் பொறுப்பு தூரிகையிடம் விடப்பட்டது.

அத்தூரிகைக்கு வண்ணம் அளித்தவற்றுள் தலையாயது, இங்கிலாந்தின் ஹல் துறைமுக நகரில் 1919இல் ஹம்பர் ஆயில் கம்பெனி என்ற பெயரில் எண்ணெய் வணிகமாகத் தொடங்கிய ஹம்ப்ரால். 14 மில்லிலிட்டர் கொள்ளும் அதன் சிறிய தகரக் குப்பிகளில் இருந்தது இனாமல் வண்ணம். அதாவது, ஆல்கைடு என்னும் செயற்கைப் பிசினில் நிறமிகளைக் கலந்து, பெட்ரோலிய வகைக் கரைப்பானால் இளக்கிய பூச்சு. இது இரண்டு கட்டங்களில் காய்கிறது: முதலில் கரைப்பான் ஆவியாகிறது, பின்னர் பிசின் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து மெல்ல இறுகுகிறது. சில மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாத நிலை வந்தாலும், அடுத்த பூச்சின் கரைப்பானைத் தாங்கும் அளவுக்கு இறுக ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். இந்த மெதுவான காய்தலே தூரிகைக்கு இனாமலை உகந்ததாக்கியது. இழுத்த தடங்கள் இறுகுவதற்குமுன் தாமே பரவிச் சமமாகின்றன.

வேலையின் ஒழுங்கு பல ஆண்டுப் பழக்கத்தில் உருவானது. அச்சிலிருந்து எளிதில் கழல்வதற்காகத் தடவப்படும் எண்ணெய்ப்பசை பாகங்களில் எஞ்சியிருக்கக்கூடும் என்பதால், முதலில் அவை சோப்பு நீரில் கழுவி உலர்த்தப்படும். ஒட்டுவதற்குப் பயன்படும் பாலிஸ்டைரீன் பசை உண்மையில் ஒரு கரைப்பான். அது இரு பரப்புகளையும் கரைத்து ஒன்றோடொன்று கலக்கச் செய்து ஒரே துண்டாக்குகிறது. மிகுதியாக இட்டால் அது நுண்கோடுகளை உருக்கிவிடும். கண்ணாடி மூடியில் பட்டால் நீங்காத வெண்மூட்டத்தை உண்டாக்கும். உடற்பகுதியின் இரு பாதிகளும் சேர்ந்த தையலில் இடைவெளி இருந்தால் பட்டி வைத்து நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்துச் சமன்செய்வர். அவ்வாறு தேய்க்கும்போது அருகிலுள்ள ரிவெட்களும் மறைந்துவிடுவதால், எவ்வளவு தேய்ப்பது என்பது ஒவ்வொரு முறையும் எடுக்கவேண்டிய முடிவாகிறது.

மங்கல் வண்ணக் குப்பியில், பளபளப்பைக் குறைக்கும் தூள் கனத்து அடியில் படிந்திருக்கும். அதைக் குச்சியால், பலரிடம் வெட்டிய ஸ்ப்ரூத் துண்டால், அடிவரை கிளறிக் கலக்காவிட்டால், மங்கலாக இருக்கவேண்டிய பூச்சு பளபளப்பாகக் காயும். கலந்த வண்ணத்தைத் தின்னர் விட்டுப் பால்போல் இளக்கி, தட்டையான மென்மயிர்த் தூரிகையில் சிறிதளவே எடுத்து, விமானத்தின்மேல் காற்று ஓடும் திசையில், அதாவது முன்னிருந்து பின்னாக, இழுப்பர். ஒரு தடத்தின் ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்த தடம் அதனோடு சேரவேண்டும். அரைகுறையாகக் காய்ந்த இடத்தின்மேல் தூரிகை மீண்டும் சென்றால் கீழ்ப்பூச்சு பெயர்ந்து சுருங்கும். முதல் பூச்சில் பிளாஸ்டிக் ஆங்காங்கே தெரிந்தால் அது குறையன்று. ஒரே கனத்த பூச்சைவிட, நாள் இடைவெளியிட்ட இரண்டு மெல்லிய பூச்சுகளே ரிவெட்டையும் கோட்டையும் மூடாமல் நிறத்தை நிறைவாக்கும். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்துக்குச் செல்வதும், உருமறைப்பு வண்ணங்களின் எல்லையை மென்பென்சிலால் வரைந்து, கூர்முனைத் தூரிகையால் ஓரத்தைப் பிடித்து, தட்டைத் தூரிகையால் நடுவை நிரப்புவதும் வழக்கம்.

இங்கே வண்ணம் தீட்டுவது வரலாற்றைப் படிப்பதாகவும் மாறுகிறது. பிரிட்டிஷ் வான்படையின் போர்விமானங்கள் 1940இல் மேற்புறத்தில் அடர்மண் நிறமும் அடர்பச்சையும் கலந்த அலைவடிவங்களைத் தாங்கின. தரையில் நிற்கும்போது வயலோடும் புதரோடும் கலந்துவிடவேண்டும் என்பது அதன் நோக்கம். கீழ்ப்புறத்தில் முதலில் ஒரு பாதி கறுப்பும் மறுபாதி வெள்ளையும் பூசப்பட்டிருந்தன. தரையிலுள்ள காவலர் தம் விமானத்தை அடையாளம் காண்பதற்காக அமைந்த அவ்வேற்பாடு, 1940 ஜூன் முதல் ‘ஸ்கை’ எனப்பட்ட வெளிர்பச்சை கலந்த நிறத்துக்கு வழிவிட்டது. போர் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து ஐரோப்பாவின் உயர்வானுக்கு நகர்ந்தபின், 1941 ஆகஸ்டில் மண்நிறத்தின் இடத்தைக் கடற்சாம்பல் பிடித்தது. ஹம்ப்ரால் குப்பிகளில் 29 அடர்மண், 30 அடர்பச்சை, 90 ஸ்கை எனத் தொடரும் எண்களைப் பழக்கத்தால் மனப்பாடம் செய்த சிறுவன், போரின் களம் தற்காப்பிலிருந்து தாக்குதலுக்கு மாறிய கதையையும் அவ்வெண்களின் வழியே அறிந்தான்.

சின்னங்களும் சென்னை மாகாணமும்

வண்ணத்துக்குப்பின் வருவது டீகால்: பசை தடவிய தாளின்மேல் மெல்லிய படலமாக அச்சிடப்பட்டு, நீரில் நனைத்தவுடன் தாளிலிருந்து வழுக்கிவந்து பரப்பில் ஒட்டும் சின்னம். மங்கல் பூச்சின் சொரசொரப்பில் டீகாலின் அடியில் காற்று சிக்கி வெள்ளிபோல் மின்னும் என்பதால், அவ்விடத்தில் முதலில் பளபளப்பு வார்னிஷ் பூசி, டீகால் ஒட்டியபின் மங்கல் வார்னிஷால் மூடுவது முறை. பழைய கிட்களில் டீகால்கள் மஞ்சளித்திருக்கும். அவற்றைச் சன்னல் கண்ணாடியில் ஒட்டிச் சில நாள் வெயில் காட்டினால் மஞ்சள் பெரிதும் வெளுக்கும். படலம் நொறுங்கும் நிலையில் இருந்தால், நீரில் இடுமுன் மெல்லிய வார்னிஷ் பூச்சு அதைத் தாங்கிப் பிடிக்கும்.

இச்சின்னங்களுள் ஒன்று தமிழகத்தோடும் தொடர்புடையது. சென்னை மாகாணத்திலிருந்து சென்ற போர்க்கால நன்கொடையை ஒட்டி, பிரிட்டிஷ் வான்படையின் 264ஆம் படையணி ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்ற பெயரைத் தாங்கியது. அது 1940இல் ஓட்டிய போல்டன் பால் டிஃபையன்ட், முன்னோக்கிச் சுடும் துப்பாக்கி ஏதுமின்றி, விமானியின் பின்னால் சுழலும் கூண்டில் நான்கு இயந்திரத் துப்பாக்கிகளை வைத்திருந்த வழக்கத்துக்கு மாறான போர்விமானம். டன்கர்க் வான்போரில் தொடக்கத்தில் வெற்றி கண்டபோதும், அதன் பலவீனத்தைப் பகைவர் விரைவில் கண்டுகொண்டதால், பெரும் இழப்புக்குப்பின் அது பகற்போரிலிருந்து விலக்கப்பட்டு, உடல் முழுவதும் கறுப்பு பூசிய இரவுநேரப் போர்விமானமாயிற்று. 1960களில் ஏர்ஃபிக்ஸ் இந்த டிஃபையன்டைச் சிறிய, மலிவான கிட்டாக விற்றது. அதன் பக்கவாட்டில் ‘பிஎஸ்’ என்ற படையணி எழுத்துக்களைப் பதித்து அடர்மண்ணும் அடர்பச்சையும் தீட்டுபவர், சென்னை மாகாணத்தின் பெயரைத் தாங்கிய விமானத்தையே கட்டுகிறார். அதே பாகங்களுக்குக் கறுப்பு பூசினால் அவ்விமானத்தின் அடுத்த அத்தியாயம் கிடைக்கிறது.

துல்லியத்தின் காலம்

1960இல் ஏர்ஃபிக்ஸ் மாகசின் தொடங்கியதும், 1963இல் பிரிட்டனில் பன்னாட்டுப் பிளாஸ்டிக் மாதிரியாளர் சங்கம் உருவானதும், சிறுவரின் பொழுதுபோக்காக இருந்ததைப் பெரியவர்களின் ஆய்வுத்துறையாகவும் வளர்த்தன. வரைபடங்களை ஒப்பிட்டுக் கிட்டின் பிழைகளைத் திருத்துவதும், ஒரு வகை விமானத்தை வெட்டி இன்னொரு வகையாக மாற்றுவதும் பரவின. 1970களிலிருந்து, அழுத்தக் காற்றால் வண்ணத்தைத் துளித்துளியாகச் சிதறடிக்கும் ஏர்பிரஷ் கருவி தேர்ந்தவர்களின் மேசைக்கு வந்து, தூரிகைத் தடமற்ற பரப்பை அளித்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடி, பெட்ரோலியத்திலிருந்து பெறப்படும் பாலிஸ்டைரீனின் விலையை உயர்த்தியது. அடுத்த பத்தாண்டில் மின்னணு விளையாட்டுகள் சிறுவரின் நேரத்தைப் பிடித்துக்கொண்டன. பின்னர் கணினியால் வடிவமைத்த புதிய அச்சுகள், புடைத்த ரிவெட்டுக்குப் பதிலாக மயிரிழைக் குழிகோடுகளைக் கொண்டு வந்தன. அளவின் துல்லியத்தில் இன்றைய கிட்டோடு பழைய கிட் போட்டியிட முடியாது.

எனினும் பழைய கிட்டை இன்று எவ்வாறு நடத்துவது என்ற வினாவுக்குத் துல்லியம் மட்டுமே விடையாகாது. சேகரிப்போர் பலர் அதைப் பிரிக்காத பெட்டியாகப் பாதுகாக்கின்றனர். வேறு சிலர் ரிவெட்களை முற்றிலும் தேய்த்தகற்றி, புதிய குழிகோடுகளைக் கீறி, ஏர்பிரஷால் தீட்டிப் புதிய கிட்டின் தரத்துக்கு உயர்த்த முயல்கின்றனர். முதல் வழியில் பெட்டியும் அச்சுக்கலையும் காக்கப்படுகின்றன; அருங்காட்சியகங்களுக்கு அத்தகைய சில படிகள் கட்டாயம் தேவை. ஆனால் கிட் என்பது முடிவை வாங்குபவரின் கையில் ஒப்படைத்த பொருளாகையால், ஒருபோதும் கட்டப்படாத கிட் தன் வரலாற்றின் பாதியை மட்டுமே சொல்கிறது. இரண்டாம் வழியிலோ பழைய வடிவமைப்பாளரின் அறிவும் அவர் காலத்துச் சான்றுகளின் எல்லையும் அழிக்கப்படுகின்றன. அரை நூற்றாண்டுக்கு முன் செதுக்கிய மர உருவின் பிழையும், ரிவெட்டின் மிகையும், அன்று எந்த ஆவணங்கள் கிடைத்தன, விமானத்தின் எந்தப் பண்பு முதன்மையாகத் தோன்றிற்று என்பவற்றுக்குச் சாட்சிகள்.

ஆகவே பழைய கிட்டைப் பழைய முறையிலேயே, பிசிறு நீக்கி, தையலைச் சமன்செய்து, ரிவெட்டை இயன்றவரை காத்து, இனாமலைத் தூரிகையால் மெல்லிய பூச்சுகளாகத் தீட்டிக் கட்டுவதே அதன் வரலாற்றுக்குப் பொருந்தும் செயல் எனலாம். ஒரே அச்சிலிருந்து பல்லாயிரக்கணக்கில் ஒரேபோல் வார்க்கப்பட்ட பாகங்கள், தூரிகை பட்ட கணத்திலிருந்து ஒன்றைப்போல் இன்னொன்று இல்லாத பொருள்களாயின. உருமறைப்பு எல்லையின் வளைவிலும், கண்ணாடி மூடிச் சட்டத்தின் கோட்டிலும், தடங்களின் திசையிலும் கட்டியவரின் கைத்திறன் பதிந்தது. தொழிற்சாலை உற்பத்திக்கும் கைவினைக்கும் இடையே இருபதாம் நூற்றாண்டு கண்ட உடன்பாடுகளுள் மிக எளியதும் மிகப் பரவலானதுமான ஒன்று இது. உழைக்கும் குடும்பத்துச் சிறுவருக்கும் எட்டிய விலையில் அளவு, வேதியியல், வண்ணம், வரலாறு ஆகிய நான்கையும் ஒருங்கே கற்பித்த இக்கைப்பழக்கம், பொம்மை வணிகத்தின் அடிக்குறிப்பாக ஒதுக்கப்படாமல், நவீனக் கைவினைகளின் வரலாற்றில் தனக்குரிய அத்தியாயத்தைப் பெறும் தகுதியுடையது.